சங்கு ஊதாமல் ஒரு சட்ஜம்

நம் இசை வகுப்பில் முப்பது பேருக்குப் பாட வராது. பாட வருகிற ஒருத்தியின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இதைச் சொல்லிவிட்டு வணக்கம் சொன்னால் என் வணக்கத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். தலைமையேற்று அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் பெருமதிப்பிற்குரிய சங்கரலிங்கம் அவர்களே, எங்கள் இசையாசிரியை ஜானகியம்மாள் அவர்களே, நாற்காலியில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றிருக்கும் பெரியோர்களே, பாய் விரித்துப் பிள்ளைகளை மடியில் கிடத்தியிருக்கும் தாய்மார்களே, ஷிப்ட் முடித்துக் கரி முகத்தோடு வந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் கலியன். சுரங்கத்துப் பட்டறையில் வேலை. ஞாயிறு வகுப்பில் குழந்தைகளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்காரும் ஒரே மீசைக்காரன் நான்தான். 'இசையின் அடிப்படைச் சொற்களும் சுரக்குறிப்பும்: மாணவர்க்கு எளிய முறையில், பத்து நிமிடம்' என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். பேசிவிடுகிறேன்.

சுரங்கள் ஏழு. ச, ரி, க, ம, ப, த, நி. இவற்றில் 'ச'வும் 'ப'வும் எந்த ராகத்திலும் இடம் மாறமாட்டா. மற்ற ஐந்தும் ராகத்துக்கு ராகம் மாறும். ஏறு என்றால் ஏற வேண்டும், இறங்கு என்றால் இறங்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது? 'ச'வும் 'ப'வும் பெர்மனென்ட். ரி, க, ம, த, நி ஐந்தும் கான்ட்ராக்ட்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் அந்த இரண்டு பெர்மனென்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ராகம் பாட முடியுமா? ஒரு தாலாட்டாவது பாட முடியுமா? ச, ப, ச, ப என்று பாடிப் பாருங்கள். காற்றில் கதவு அடித்துக்கொள்வதுபோல் இருக்கும். ராகத்துக்கு முகம் கொடுப்பது யார்? முறுவல் கொடுப்பது யார்? கண்ணீரும் களிப்பும் கொடுப்பது யார்? அந்தக் கான்ட்ராக்ட் சுரங்கள் அல்லவா?

பின்னால் நம் கான்ட்ராக்ட் தோழர் பெரியண்ணன் கை தட்டுகிறார். அண்ணே, இன்னும் கதைக்கே வரலே. கொஞ்சம் மிச்சம் வெச்சிக்கங்க.

அடுத்தது சுருதி. பாடுகிறவர் தம் குரலுக்குத் தோதாக ஓர் ஒலியை எடுத்துக்கொள்கிறார். அதுவே அவருடைய ஆதார சட்ஜம், அதாவது 'ச'. மற்ற ஆறும் அங்கிருந்துதான் அளக்கப்படும். என் 'ச' வேறு, உங்கள் 'ச' வேறு. அவரவர் நிற்கிற இடமே அவரவர் 'ச'.

ஆனால் நம் வகுப்பில் நடந்தது என்ன? போன மழைக்காலத்தில் சுருதிப்பெட்டியின் துருத்தி கிழிந்தது. வகுப்பை நடத்தும் மன்றத்துக்கு ஜானகியம்மாள் நான்கு முறை எழுதினார். பெட்டி வரவில்லை. வகுப்போ பகல் இரண்டு மணிக்கு. ஷிப்ட் சங்கு ஊதுவதும் அதே இரண்டு மணிக்கு. பெட்டி வரும்வரை அந்தச் சங்கையே 'ச'வாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் பிடித்தார்கள். ஆறு மாதம் பிடித்தார்கள். கழுத்து நரம்பு புடைக்கப் பிடித்தார்கள். என் மீசையும் கூடவே துடித்தது.

தேர்வு நெருங்கியதால் போன ஞாயிறு குள்ளஞ்சாவடியில் ஒரு பெட்டி இரவல் வாங்கி, ஒரு மணிக்கே வகுப்பை வைத்தார் ஆசிரியை. பெட்டியை இசைத்து, இதுதான் சட்ஜம், பாடுங்கள் என்றார். முப்பது பேரும் வாய் திறக்கவில்லை. நம் தலைவரின் மகள் விஜயகுமாரி எழுந்து, மிகப் பணிவாகக் கேட்டாள்:

"டீச்சர், இன்னும் சங்கே ஊதலியே, எப்படிப் பாடுறது?"

குழந்தையைக் குறை சொல்லவில்லை, தலைவர் அவர்களே. சங்கு ஊதினால் எழுகிறோம், சங்கு ஊதினால் உண்கிறோம், சங்கு ஊதினால் ஓடுகிறோம். பிள்ளைகளின் 'ச'வையும் அதனிடமே ஒப்படைத்துவிட்டோம்.

அன்று கூடத்தை இன்னும் பெருக்கி முடிக்காமல் ஓரமாக நின்றாள் முத்தாண்டிக்குப்பத்துச் செல்லக்கிளி. வயது இருபது. பெருக்குவதும் கரும்பலகையைத் துடைப்பதும் அவள் கான்ட்ராக்ட் வேலை. துடைப்பதற்கு முன், பலகையில் உள்ள சுரக்குறிப்பைச் சிமென்ட் பைக் காகிதத்தில் எழுதிக்கொள்வாள். எழுத்தின் மேலே புள்ளி என்றால் மேல் ஸ்தாயி, கீழே புள்ளி என்றால் கீழ் ஸ்தாயி. இதை மனப்பாடம் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. முன்பு ஒருநாள் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சொன்னாள்:

"மேல பொட்டு வெச்சா மேட்டுல ஏறணும், கீழ வெச்சா சுரங்கத்துல எறங்கணும். இதுக்காண்ணே மூணு வாரம் முழிச்சிக்கினு கெடந்தீங்க?"

இரண்டு மணிக்கு அவளுக்கு வேறு கூடத்தில் வேலை. ஆகவே சங்கில் பழகவில்லை. கையில் கிடைத்த வாளியைத் தட்டி, அந்த ஒலியையே 'ச'வாக வைத்துப் பழகியவள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாளி. போன ஞாயிறு, முப்பது பேரும் சங்குக்குக் காத்திருந்தபோது, நான் பாடட்டுங்களா என்று ஆசிரியையிடம் கேட்டுவிட்டுப் பாடினாள். சரளி வரிசை முழுவதும், பெட்டியைவிட்டு நூலளவும் விலகாமல். ஆசிரியை சுருதியை ஒரு படி ஏற்றினார், அவளும் ஏறினாள்.

அன்றே அவள் பெயரில் அரசாங்கத்தின் கீழ்நிலை இசைத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பப்பட்டது. தேறினால் ஒரு பள்ளியில் பாட்டுச் சொல்லித்தரும் வேலைக்கு வழி பிறக்கும். மன்றத் தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன குற்றம்? 'பிளாக், குவார்ட்டர்ஸ் எண்' என்ற இடம் காலியாக இருக்கிறதாம். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் இல்லாதவள் மன்ற மாணவி ஆகமாட்டாளாம். அந்தக் குவார்ட்டர்ஸ் கட்டச் செங்கல் சுமந்தவள் அவளைப் பெற்ற தாய் சின்னம்மாள். சுமக்கும்போது யார் எண் கேட்டார்கள்?

உட்காரச் சொல்கிறீர்களா? தாளம் பாக்கி இருக்கிறது, ஐயா. அது முடிந்தால் நானே உட்கார்ந்துவிடுவேன்.

ஆதி தாளம், எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. ஒரு சுற்றுக்கு ஓர் ஆவர்த்தனம் என்று பெயர். இதுவரை பொறுத்த செவிகளுக்கு நன்றி. பாயில் எனக்கும் இடம் விட்ட தாய்மார்களுக்கு மீண்டும் வணக்கம். தலைவர் அவர்களே, விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். காகிதம் இதோ, பேனா இதோ. ஓர் ஆவர்த்தனம் காத்திருக்கிறேன். பிள்ளைகளே, கூடப் போடுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு.

முடிந்தது. பேனா என் கையிலேயே இருக்கிறது. இன்னோர் ஆவர்த்தனம் போடுவோம், பிள்ளைகளே. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு.

கையெழுத்துப் போடுங்கள், ஐயா.