நிலாவில் ரேடியோ எத்தனாவது

வளைகுடாவில், ரோலா பஸ் நிறுத்தத்தில் ராஸ் அல் கைமா பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் ஒரே கம்பெனிச் சட்டையில் இருவர் நின்றார்கள். மூத்தவர் கேட்டார்:

"நிலாவுல மாட்டிக்கிட்டா எந்தப் பொருள் முக்கியம்னு ட்ரெயினிங்ல வரிசையா எழுதச் சொன்னானுங்களே, ரேடியோவ எத்தனாவதா போட்ட?"

"ஆக்சிஜன், தண்ணி, அப்புறம் ரேடியோ. ஏண்ணே?"

"போச்சு. சிமெண்ட் மூட்டை தூக்குறவனுக்கு நிலா எதுக்குடா? கேம்புல தண்ணி வரலன்னு லேபர் ஆபீசுக்குப் போன் பண்ணினவன ஊருக்கு அனுப்பத் தேடுறானுங்க. கஷ்டம்னா வெளிய கூப்பிடுற ஆளு எவன்னு இதுல தெரிஞ்சிரும்."

"நான் பண்ணலயேண்ணே."

"தெரியும்."

"நீங்க எத்தனாவதா போட்டீங்க?"

"கடைசியா. தீப்பெட்டிக்கும் கீழ."

இளையவர் அவரையே பார்த்தார். "அப்ப போன் பண்ணினது நீங்களா?"

மூத்தவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அந்த ட்ரெயினிங் பேப்பர்ல உன் பேரு எழுதினியாடா?"

"எழுதினேண்ணே."