திரையில் வைத்த சந்தனம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலை. பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். சட்டையை இன் செய்த இளைஞன் ஒருவன், காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர்.

"அண்ணே, பூஜைக்கு நம்ம கம்பெனி உலை கம்ப்யூட்டர் திரையில எங்க பொட்டு வச்சீங்க?" என்று இளைஞன் கேட்டான்.

"கீழதான் தம்பி. மேல வச்சா உலையோட சூட்டு நம்பர் மறைஞ்சிடும்ல? கீழ வரிசையா சந்தனத்த நல்லா அப்பிட்டேன்."

பெரியவர் சிரித்தார். இளைஞன் சிரிக்கவில்லை.

"எந்த பட்டன் என்ன செய்யும்னு அங்கதாண்ணே எழுதி வரும்."

"அத்த யாரு படிக்கிறா? எஃப் மூணு அமுக்குனா சூடு கொறையும், எஃப் நாலு அமுக்குனா ஏறும். கை தானா போவும்."

"லீவுக்கு முன்னாடி ப்ரோக்ராம்ல அந்த ரெண்டு பட்டனோட வேலையையும் மாத்திப் போட்டுட்டேன். திரையில வருதே, பார்த்து அமுக்குவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

பெரியவர் அவன் முகத்தையே பார்த்தார்.

"இந்நேரம் சந்தனத்த தொடச்சிருப்பாங்கல்ல?" என்று இளைஞன் கேட்டான்.

"சாமிக்கு வச்சத எவன் தொடைப்பான்? தானா உதிரட்டும்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்."

"இப்ப உலைகிட்ட யாரு?"

"எம் பெரிய புள்ள. காலைலயே போய்கீறான். போனையும் கேட்லயே வாங்கி வச்சிருவாங்க."

முன்னால் லாரிகள் நின்றதால் பஸ் நகரவில்லை.

"சூடு ஏறுனா இன்னா பண்ணுவான், தம்பி?"

"கொறைக்கப் பார்ப்பான். எஃப் மூணு அமுக்குவான்."

"அப்பவும் கொறையலன்னா?"

"மறுபடியும் அதையேதாண்ணே அமுக்குவான்."