மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை

ஆயில் குச்சியைத் துடைக்காமல் அளவு பார்ப்பவனை நான் மெக்கானிக் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன், சார். துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தால்தான் சரியான அளவு தெரியும். விமானப்படையில் இருபத்திரண்டு வருஷம் என்ஜினோடு கிடந்தவன் நான். அதனால்தான் டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்புச் சங்கம் ஜெனரேட்டரை என் பொறுப்பில் விட்டது.

ஜெனரேட்டர் ஷெட்டுக்கு நேர் மேலே, முதல் மாடியில் வில்பிரட் வீடு. மனைவி லிடியா டீச்சர். ஆஸ்துமாக்காரி. அக்டோபர் மாதச் சங்கக் கூட்டத்தில் நாற்பது பேருக்கு நடுவே வில்பிரட் எழுந்தான். "புகை பூரா எங்க வீட்டுக்குள்ளதான் வருது. அண்ணாச்சிக்கு என்ஜினப் பத்தி என்ன தெரியும்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லிடியாவும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என்ன தெரியும் என்று காட்ட நினைத்தேன்.

புகை என்றால் எல்லாரும் டீசலைத்தான் திட்டுவார்கள். என்ஜின் ஆயிலும் எரியும் என்பது பலருக்குத் தெரியாது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் ஆயில் மேலேறி எரியும். கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் புகையோடு போய் நுரையீரலின் அடிவரை இறங்கும். ரிங்கை மாற்றச் சொல்லி மெக்கானிக் சிவகுமார் இரண்டு தடவை கேட்டான். நான் மாற்றவில்லை. தினமும் குச்சியைத் துடைத்துப் பார்த்து, அதிலுள்ள மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஆயில் ஊற்றினேன். புகைக்குழாயின் வாயை அவர்கள் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். நவம்பரில் டெல்லியே புகைமூட்டமாகக் கிடக்கும்போது இதை யார் தனியாகப் பார்க்கப் போகிறார்கள்?

லிடியா பள்ளிக்குப் போவது நின்றது. மூச்சுக்கு மருந்து கொடுக்கும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். கரண்ட் போனால் அதுவும் என் ஜெனரேட்டரில்தான் ஓட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. வில்பிரட் போன் செய்தான். "அண்ணாச்சி, லிடியாவுக்கு மூச்சு முட்டுது. மெஷின் ஓடல. ஜெனரேட்டரப் போடுங்க, ஜல்தி."

"புகை வருமே, தம்பி" என்றேன்.

அழுதான். "வரட்டும் அண்ணாச்சி. உங்களக் கும்புடுதேன், போடுங்க."

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை ஷெட்டை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, என்ஜின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனரேட்டர் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அவள் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். புகை வருகிறது என்று புகார் சொன்னார்கள். அன்றைக்கு நான் ஒரு துளி புகை வர விடவில்லை.