மைக்காரி

இந்த அறையில் மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. உங்களுக்குப் பரவாயில்லை, தன்னால் இமைத்துக்கொள்வீர்கள். மயக்க மருந்தில் கிடப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. இமை முழுதாக மூடாமல் கீற்றாக ஓர் இடைவெளி நிற்கும். அதன் வழியே கண் உலரும். உலர்ந்த கண்ணில் புண் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சிலர் நினைத்தார்கள். நன்றாகவே தெரியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலி நான். என் வார்டில் மூச்சு ஓடுகிறதா, நாடி அடிக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. அப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடத்துக்குப் புதுச் செவிலியாக வந்து சேர்ந்தாள் மைக்காரி. பெயர் நான் வைத்தது. வேலைக்கு வந்ததும் ஈரப் பஞ்சால் ஒவ்வொருவர் கண்ணையும் துடைப்பாள், களிம்பு இடுவாள், இமையைச் சேர்த்து மூடி மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவாள். ஏதோ நாடகத்துக்குக் கண்ணில் மை தீட்டுவதுபோல. ஒருநாள் பெரிய டாக்டர் எல்லார் எதிரிலும், "இத்தனை வருஷமா இங்க யாருக்குமே இது தோணலையா?" என்றார். கேட்டது பொதுவாக. பார்த்தது என்னை. மைக்காரி தலை குனிந்துகொண்டாள். அடக்கமாம்.

அந்த வாரம்தான் அந்தப் பெண் வந்தாள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் வென்டிலேட்டரில் போட்டிருந்தார்கள். பெற்ற குழந்தையை இன்னும் அவள் பார்க்கவில்லை. மைக்காரியின் பொறுப்பில் விட்டேன்.

மைக்காரி சாப்பிடப் போனதும் நான் அந்தத் தாளைப் பிரிப்பேன். களிம்பைத் துடைத்தெடுப்பேன். இமைகளைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, ஏசிக் காற்றை அந்தப் பக்கம் திருப்புவேன். அவள் வருவதற்குள் தாள் பழையபடி ஒட்டியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வலித்திருக்காது, மயக்கத்தில்தானே இருந்தாள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி அல்ல.

"அக்கா, கண்ணு ரொம்பச் செவந்திருக்கு. கண் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டிடலாமா?" என்று மைக்காரி வந்து நின்றாள்.

"இங்க உசிரே ஊசலாடிட்டிருக்கு, உனக்குக் கண்ணு செவந்தது கவலையா? போய்ப் பக்கத்துக் கட்டிலைப் பாரு."

போனாள். சொன்ன பேச்சைக் கேட்பாள். அவளிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம்.

இரண்டு கருவிழியிலும் வெள்ளை படர்ந்த பிறகு கண் மருத்துவர் வந்தார், பார்த்தார், கையை விரித்தார். படித்துப் படித்துச் சொல்லியும் மைக்காரி அலட்சியமாக இருந்துவிட்டாள் என்றேன். பெரிய டாக்டர் உட்பட எல்லாரும் நம்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், மைக்காரியே நம்பினாள். வேலையை விட்டு நிறுத்திய அன்று, "என் கையிலதான் ஏதோ தப்பு நடந்திருக்கு அக்கா" என்று என்னிடமே வந்து அழுதாள். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பெண்ணின் கணவன். அப்பாவி. விசாரணையில், "இந்தப் பெரிய சிஸ்டரை ஒண்ணும் சொல்லாதீங்க. இவங்க ஒருத்தங்கதான் தினமும் மத்தியானம் வந்து அந்தத் தாளை எடுத்து, கண்ணைத் தொடச்சு, தெறந்து பார்ப்பாங்க. கண்ணாடிக் கதவு வழியா நான் கும்பிட்டிருக்கேன்" என்றான். நன்றி சொல்வதாக நினைப்பு அவனுக்கு.

ஆமாம், நான்தான் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் என் வார்டில்தான் பிழைத்தாள். வென்டிலேட்டரை எடுத்த பிறகு, கணவன் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். விரலால் அதன் முகத்தைத் தடவிக்கொண்டே, "யாரு ஜாடை, சிஸ்டர்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றி, புருவம், மோவாயில் விழும் குழி என்று ஒவ்வொன்றாக, அவள் போதும் என்று சொல்லும்வரை சொன்னேன். மைக்காரிக்கு அந்தப் பொறுமை வருமா?