ஆளில்லாத காடு

இல்லைத் தங்கச்சி, அந்தத் தலகணியை இன்னும் கொஞ்சம் மேல வையுங்கோ. ஆ... காணும். பொலிஸ்காரன் கோப்பி எடுத்துக்கொண்டு வர முதல் நான் கொஞ்சம் கதைக்கவேணும். ஓம், தெரியும். நீங்கள் மொழிபெயர்க்க வந்தனீங்கள், அவர் இல்லாத நேரம் என்னோட கதைக்கக் கூடாது. நீங்கள் கதைக்கவேண்டாம். நான்தானே கதைக்கிறன்.

டெனிஷ் எனக்கும் தெரியும். ஆனா அது வயசு போனதுகளுக்குச் சாப்பாடு தீத்திற டெனிஷ். துவக்குச் சூடு பட்டதைச் சொல்ல அது காணாது. அதுதான் உங்களைக் கேட்டு எடுத்தனான்.

நோகுதோ எண்டோ? நோகாமல் பின்ன! தோள், முதுகு எல்லாம் குண்டுச் சன்னம். டொக்டர் படம் எடுத்துப் பார்த்திட்டு வந்து, இடுப்புக்குள்ள ஒரு பெரிய துண்டு கிடக்கே, அது என்னெண்டு கேட்டார். அது ஊரில சண்டைக்குள்ள பட்ட செல் துண்டு, அதுக்கும் என்ர மனுசனுக்கும் சம்மந்தமில்லை எண்டன். பாவம், அந்தாளுக்கு முகம் வெளிறிப்போச்சு.

என்ர மனுசன் என்ன வேலையெண்டு அவையள் உங்களுக்குச் சொல்லேல்லையே? இஞ்ச எஸ்பியர்க்கில பெரிய வகுப்புப் பிள்ளையளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறவர். அமெரிக்கப் புத்தகங்களெண்டா உயிர். அதிலயும் காட்டுக் கதையள். சின்னனிலேயே இஞ்ச வந்தவர், சண்டையைக் கண்ணால காணேல்லை. நான் மன்னார். ஓடி ஓடி வன்னிக் காட்டுக்குள்ள போய் மாட்டுப்பட்டு, எல்லாம் முடிஞ்சாப்பிறகு கலியாணம் பேசி வந்தனான்.

பின்னேரத்தில அந்தப் புத்தகங்களை எனக்குத் தமிழில சொல்லிச் சொல்லி வாசிப்பார். ஒரே கதைதான். ஒரு ஆம்பிளை, ஊர் சரியில்லை, சனம் சரியில்லை எண்டு தனியக் காட்டுக்குள்ள போவான். கரடியோ ஓநாயோ, ஏதோ ஒண்டை வருசக்கணக்காத் துரத்துவான். சாக்காட்டிப்போட்டு அழுவான். அழுதாப்பிறகு அவன் ஞானி. பொம்பிளை எங்க எண்டு ஒருநாள் கேட்டன். பொம்பிளையளிட்ட இருந்து தப்பத்தானே அப்பா அவன் அங்க போறானெண்டு சிரிச்சார். நானும் விசரி மாதிரிச் சேர்ந்து சிரிச்சனான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல எழுத்து. ஆறு ஓடுற சத்தம் காதில கேக்கும். ஆனா அந்தக் காட்டில ஒரு பழைய அடுப்புக்கல்லுக் கிடக்கும், உடைஞ்ச அம்பு கிடக்கும், ஆளைக் காணேல்லை. முதல் இருந்த சனத்தை ஆர் கலைச்சது எண்டு கேட்டன். அது வேற பாடமாம்.

காடெண்டா அவருக்கு ஆளில்லாத இடம். எங்களுக்கு வேதாகமத்தில வனாந்தரம் எண்டு வரும், பசாசு வந்து சோதிக்கிற இடம். அங்க போனாத்தான் மனுசன் தன்னைக் கண்டுபிடிப்பான் எண்டு இவர் சொல்லுவார். நான் சொன்னன், எங்கட காட்டில ஆளில்லாத இடமே இருக்கேல்லை. ஒவ்வொரு பாலைமரத்துக்குக் கீழயும் ஒரு குடும்பம், ஒரு பங்கர், ஒரு பானை. செல் விழுந்தாப்பிறகு அக்காவின்ர ஒரு கால்தான் கிடைச்சது. செருப்போட. அதைத்தான் நானும் அம்மாவும் தாட்டனாங்கள். எங்களுக்கு ஒரு ஞானமும் வரேல்லை.

அதுக்கு என்ன சொன்னாரெண்டு சொல்லுங்கோ பாப்பம். இல்லை, அழேல்லை. இதை வகுப்பில சொல்லலாமோ எண்டு கேட்டார்.

பிறகு சோதினை எழுதி வேட்டை அனுமதி எடுத்து, ரெட்டைக்குழல் துவக்கும் வாங்கினார். முதல் மானைக் கொண்டுவந்து கராஜில தூக்கி வயித்தைக் கிழிச்சார். குடல் சுடச்சுட நிலத்தில விழுந்தது. நான் வாசலோட நிண்டனான். கிட்ட வாரும் எண்டார். மாட்டனெண்டன். பிடரியில பிடிச்சு, என்ர முகத்தை அந்த வயித்துக்குள்ள அமத்திப்போட்டார். மணந்து பாரும், இதுதான் உண்மை எண்டு. மூக்குக்குள்ள ரத்தம், மூச்சு விட ஏலாது. அவற்ற கை நடுங்கினது. கோவத்தில இல்லைத் தங்கச்சி, சந்தோசத்தில.

அண்டைக்கு வெறுத்துப்போச்சு. ஓகூஸ் ரவுணில ஒரு அறை பார்த்தன், அங்க ஒரு முதியோர் இல்லத்தில வேலையும் சரிவந்தது. போறனெண்டு போன மாதம் சொன்னன். கத்தேல்லை. கோப்பையொண்டும் எறியேல்லை. கடைசியா ஒருக்கா என்னோட வேட்டைக்கு வாரும், நல்லபடியாப் பிரிவம் எண்டார். நல்லபடியா எண்ட சொல்லில மயங்கிப்போனன்.

இஞ்சத்தை வேட்டை தெரியுமே? துவக்குக்காரர் ஒரு கரையில காத்துக்கொண்டு நிப்பினம். மற்ற ஆக்கள் செம்மஞ்சள் சட்டை போட்டு, வரிசையா நடந்து, தடியால மரத்தில தட்டி மானைக் கலைச்சு அவையிட்ட அனுப்பவேணும். முடிஞ்சாப்பிறகு செத்ததுகளைப் பச்சைக் கொப்பில வரிசையாக் கிடத்தி, குழலூதி, தொப்பியைக் கழட்டி மரியாதை செய்வினமாம். எங்கட சனத்தை றோட்டுக்கரையில வரிசையாக் கிடத்தேக்க ஒருத்தனும் தொப்பி கழட்டேல்லை.

என்னையும் அந்தத் தட்டுற வரிசையில விட்டவை. தூரத்தில ஆரோ வைச்ச வெடிச் சத்தம் கேட்டுது. நான் விழுந்திட்டன். நானா விழேல்லை, உடம்பு விழுந்திட்டுது. நெஞ்சு மண்ணில, முழங்கையால இழுத்து இழுத்துப் பத்தைக்குள்ள போறன். ஊரில நிமிர்ந்தாச் சாவு, தவண்டாத் தப்பலாம். இஞ்ச மறுவளம். நிமிர்ந்து நிண்டா மனுசர், தவண்டா மான். இவர் பத்தை அசையிறதைக் கண்டு வெடி வைச்சார். முதுகில கொதிக்கிற எண்ணெயை ஊத்தின மாதிரி இருந்தது.

இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கினம், ஆர் உன்னைத் தவழச் சொன்னது? மாமி மாக்கிரட் ரெலிபோனில ஒப்பாரி, என்ர பிள்ளையைக் கொலைகாரனாக்கிப்போட்டியே எண்டு. நேற்றுப் பொலிசுக்கு நானும் அப்பிடித்தான் சொன்னனான், பிழை என்ரதெண்டு. இவரும் வந்து கால்மாட்டில இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதவர். நேர்ஸ் அவருக்குத் தண்ணி குடுத்தவ.

இல்லை, நல்லாத் தெரியும் அவருக்கு. இஞ்ச புதுவருசத்துக்கு வாணவெடி கொளுத்தேக்க நான் ஒவ்வொரு வருசமும் மேசைக்குக் கீழதான். தவண்டு போறதைச் சிரிச்சுச் சிரிச்சு வீடியோவும் எடுத்தவர். தெரிஞ்சுதான் கூட்டிக்கொண்டு போனாரெண்டு விளங்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. ஆனா அதை எப்பிடிப் பொலிசுக்குச் சொல்லுறது? நினைப்புக்கு ஆர் சாட்சி? சொல்லாமலே ஓகூஸுக்குப் போயிருப்பன். நேற்று அழுது முடிய என்ர கையைப் பிடிச்சு, சுகமாகினதும் நான் வீட்டில வைச்சுப் பாக்கிறன், நீர் இனி ஒரு இடமும் போகவேண்டாம் எண்டார். அந்தக் கை நடுங்கேல்லை.

இவற்ற பக்கத்தில ரெண்டு வெடி கேட்டதெண்டு மற்ற வேட்டைக்காரர் சொல்லியிருக்கினம் தானே? ரெண்டையும் ஒரே மூச்சில மானெண்டு நினைச்சு வைச்சதெண்டு இவர் சொல்லுறார். அப்பிடியில்லை. பின்னால பட்டது முதலாவது. முன்கழுத்தில, இந்தக் கட்டுக்குள்ள இருக்கிறது ரெண்டாவது. பின்னாலயும் முன்னாலயும் ஒரே மூச்சில எப்பிடிப் படும்?

முதலாவது பட்டதும் நான் எழும்பி, அவர் பக்கம் திரும்பி நிண்டனான். செம்மஞ்சள் சட்டை, கையிரண்டும் மேல. பாருங்கோ, கலியாணம் கட்டின நாளில இருந்து இஞ்சருங்கோ எண்டுதான் கூப்பிட்டனான். எங்கட பக்கத்தில மனுசன்ர பேர் சொல்லமாட்டம், உங்கட அம்மாவும் சொல்லமாட்டா போல. ஆனா அவ்வளவு ஆம்பிளையள் நிக்கிற காட்டில இஞ்சருங்கோ எண்டா ஆருக்கு விளங்கும்? அதால பேர் சொல்லிக் கத்தினன். நிக்கலஸ் எண்டு. வாழ்க்கையில முதல்தரம். துவக்கை இறக்கிப்போட்டு வடிவா என்ர முகத்தைப் பார்த்தார். பார்த்திட்டு, திரும்பத் தூக்கித்தான் ரெண்டாவதை வைச்சார்.

ஓம், பொலிஸ்காரர் கோப்பியோட வந்திட்டார் போல. இதை அவருக்கு டெனிஷில சொல்லுங்கோ.