குடி என்னும் வேர்ச்சொல்

உக்காருங்க சார், உக்காருங்க. வாடகை போர்ஷன் நேத்தே போயிடுச்சுன்னு சொன்னேனே தவிர, உங்களைப் போங்கன்னு சொல்லலையே. வெயில் தாழட்டும். மோரைக் குடிங்க. நானே விசிறுறேன். அட, பரவாயில்ல, அட்டைதானே, என்ன கனம்?

ஞாயித்துக்கெழமை சிலோன் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பத்தி நடந்த கூட்டத்துல பின்னாடி தூணோரமா நின்னது நீங்கதானா? தெரியாமப் போச்சே! சிலோன்லேர்ந்து வந்தவரே இங்க இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா மேடைக்கே கூப்பிட்டிருப்பேன்.

எதிர்வாதம் பண்ணினானே அல்போன்ஸ், அவன் எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். சிலோன்லேர்ந்து அத்தனை பேரும் திரும்பி வந்துட்டா ரேஷன் அரிசிக்கு எங்க போறது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள விடணும்னான். அவன் வயித்தால யோசிக்கறவன். நான் தமிழ் வாத்தியார், சொல்லைப் புடிச்சிக்கிட்டேன். குடின்னா என்னன்னு கேட்டதும் ஹாலே சிரிச்சுதே, கவனிச்சீங்களா? மதுவிலக்கு வந்ததுலேர்ந்து ஜனங்களுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் ஞாபகம். நான் விடலையே. வாடகைக்குச் சொல்ற குடிக்கூலி, குடித்தனம், குடிமகன், எல்லாத்துக்கும் ஒரே வேர்னேன். எவன் எங்க குடியிருந்து உழைச்சானோ, அவன் அந்த மண்ணுக்குக் குடிமகன். அப்பன் எங்க பொறந்தான், பாட்டன் எங்க பொறந்தான்னு கேக்கற சிலோன் சட்டம் ஒரு சட்டமா? வாசல்ல வந்து நிக்கறவன்கிட்ட வம்சம் விசாரிக்கற கேவலம்னேன்.

நீங்களும் கை தட்டினீங்களா? ம்.

அதை நம்பித்தான் பங்குச் சாமியார்கிட்ட விலாசம் கேட்டு வந்தீங்களாக்கும்.

உங்ககிட்ட என்ன குறை சார்? அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில கம்பவுண்டர். இங்க லஸ்ல மருந்துக்கடை வேலையும் கெடச்சாச்சு. ஞாயித்துக்கெழமை பூசைக்குத் தவறாதவர். வியாழக்கெழமை போட் மெயில் ரயில்ல சம்சாரமும் ரெண்டு புள்ளைங்களும் வந்து எறங்கறாங்க. எறங்கினதும் கூட்டிக்கிட்டுப் போக ஒரு கூரை வேணும். நியாயம்தான். உள்ளேர்ந்து கேட்டுக்கிட்டிருந்த என் வீட்டுக்காரி வெரோனிகாகூட, பாவம்னா.

அப்புறம்தான் நான் அதைக் கேட்டேன். உங்க அப்பா எந்த ஊர்ல பொறந்தார்னேன். செங்கல்பட்டுப் பக்கம்னீங்க. தாத்தாவும் அங்கதானான்னேன். ஆமான்னீங்க. நான் அதோட விட்டேனா? ஊருக்குள்ளயா, ஊருக்கு வெளியவான்னேன்.

நீங்க குனிஞ்சு செருப்பைப் பாத்தீங்க. உடனே நான் போர்ஷன் போயிடுச்சுன்னேன்.

சிலோன்காரனாவது ரெண்டு கேள்வியோட நிறுத்திக்கிட்டான். மூணாவது என்னுது. அவங்க சட்டத்துல அது கெடையாது. நம்ம ஊர்ச் சரக்கு.

இல்ல, இல்ல, எழுந்திரிக்காதீங்க. இதை வெரோனிகா தலையில கட்டிடலாம்னு பாத்தேன். தெருவுல நாலு பேர் பேசுவாங்கன்னு சொல்லலாம்னும் பாத்தேன். ஆனா அவ பாவம்னு மட்டும்தான் சொன்னா, தெருவுக்கு நீங்க வந்ததே தெரியாது.

அந்த அல்போன்ஸ் இருக்கானே, அவன் வீட்டு மாடியில யுத்தத்தப்ப பர்மாவிலேர்ந்து நடந்தே வந்த குடும்பம் ஒண்ணு ஏழு வருஷமா இருக்கு. அந்தம்மா துணி காயப்போட எடம் பத்தலைன்னு சொன்னதுக்கு, இவன் தன்னோட கொடியை அவுத்துக் கொடுத்துட்டான். வேர்ச்சொல்லெல்லாம் அவனுக்குத் தெரியாது. மேடையில அவனைத்தான் நான் ஈவிரக்கமில்லாதவன்னேன். அதுக்கும் கை தட்டினாங்க.

என்ன, உங்க கையில நீலமா ஒட்டியிருக்கா? டம்ளர்லேர்ந்து வந்திருக்கும். டம்ளர்ல என் விரல்லேர்ந்து. பெயின்ட் சார். மண்ணெண்ணெய் தொட்டாப் போயிடும்.

விரல்ல எப்படின்னா... இந்த அட்டைதான். இன்னும் காயலை. நீங்க வந்தப்ப இதை வாசல் கேட்டுல கட்டக் கயிறு தேடிக்கிட்டிருந்தேன். எழுத்து என் பக்கம் இருக்கிற மாதிரியே புடிச்சு இவ்வளவு நேரமா உங்களுக்கு விசிறிக்கிட்டிருக்கேன்.

இந்தாங்க, நீங்களே படிங்க. எல்லாரும் போடற மாதிரி டுலெட்டுன்னு இங்கிலீஷ்ல போட எனக்கு மனசு வரலை. ‘குடித்தனத்துக்கு இடம் உண்டு.’

எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல சார்.