ஒரு சிட்டிகை மாவு

என் தங்கை விஜயகலா, பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டுதான் போவாள், டாக்டர். "என்னடி, பீலியவா கட்டிக்கப் போற?" என்பேன். "அது வாயத் தொறந்தா தண்ணி வருதுக்கா. நீ தொறந்தா புத்திமதிதான் வருது" என்பாள். அம்மா போனபின் தோட்ட லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் நாங்கள் இருவர்தான்.

நான் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ரப்பர் பாலில் செய்த கையுறை கையில் ஒட்டாதிருக்க உள்ளே சோள மாவு தூவுவோம். ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்த விஜயகலா, அங்கே நின்றபடியே உதடு வீங்கிப்போனாள்.

தரம் பார்க்கும் றிஸாத் விளக்கிச் சொன்னார். "ரப்பர் பால்ல உள்ள புரதம் தங்கச்சிக்கு ஆகாது. அது இந்த மாவுல ஒட்டிக்குது. மாவு பறந்தா அதுவும் மூக்குக்குள்ள போகும். போலிமர் பூசின கையுறை வந்துட்டா மாவே தேவையில்ல. அதுவரைக்கும் தங்கச்சிய இந்தப் பக்கம் கூட்டிட்டு வராதீங்க."

நல்ல மனிதர். அவர் சொன்னபடி நான் அவளை அங்கே கூட்டிப்போகவே இல்லை. கையுறையிலிருந்து உதிர்ந்த மாவைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கொழும்புப் புடவைக் கடையிலிருந்து அவளை வேலைக்காக நேரில் வரச் சொன்ன அன்று, பவுடர் டப்பாவில் ஒரு சிட்டிகை கலந்தேன். முகம் பணியாரம்போல் உப்பியது. கண்ணாடியைப் பார்த்து அவளே சிரித்தாள். "இந்த மூஞ்சியோட போனா, பொம்மைக்குப் பதிலா என்னையே நிக்க வச்சிருவாங்கக்கா." நானும் சிரித்தேன். பஸ் போய்விட்டது. என் கையாலேயே கஞ்சி ஊட்டினேன். அன்றுபோல் நான் நிம்மதியாகத் தூங்கி வெகுநாளாகியிருந்தது.

கடைக்காரர் மறுபடி அழைத்தபோது, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. சிட்டிகை சற்றுக் கூடியிருக்கும்.

மூன்றாம் முறை, நேரில் பார்க்காமல் போனிலேயே வேலை கொடுத்துவிட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழமையில வந்து தொல்லை குடுப்பேன், சந்தோசப்பட்டுறாத" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதனால் இன்று காலை டப்பாவில் மணத்துக்கு மேலாகக் கொஞ்சம் பவுடர், மற்றதெல்லாம் மாவு. மூச்சு நின்றுபோகும் என்று றிஸாத் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் இப்போது எடுக்கும் கையுறை எங்கள் தொழிற்சாலையில் செய்தது. நான்கூட மாவு தூவியிருப்பேன். அதைப் போட்டுக்கொண்டு அவளைத் தொடாதீர்கள். ரப்பர் பாலில் செய்யாத கையுறை இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வெறுங்கையே போதும். அவள் பிழைக்கவேண்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னேன்.

கண் விழித்ததும், கொழும்புக் காற்று உனக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், டாக்டர். நான் சொன்னால் சிரிப்பாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.